தோட்டாவின் அடியில் எழுதிய வரலாறு

பழம்பொருள் என்றதும் மக்கள் மனத்தில் முதலிலே தோன்றுவன நாணயங்களும் சாசனங்களும் மட்பாண்டங்களும் செப்புத் திருமேனிகளுமே. போர்க்கருவிகளைப் பேணுவோரும் வாள், வேல், கேடயம் என்னும் இவற்றையே பெரிதும் நாடுவர். ஆயினும் மேனாடுகளில் ஒருசார் ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாகத் தேடித் தொகுத்துவரும் பொருள் பிறிதொன்று உண்டு. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளமும் பெருவிரலினும் சிறிது மிகுந்த பருமனும் உடைய பித்தளைக் கோது ஒன்றும், அதன் வாயிற் செருகிய உருக்குக் குண்டு ஒன்றும் சேர்ந்த அப்பொருள், முற்காலப் போர்விமானங்களின் பீரங்கிகளில் இட்டுச் சுடப்பெற்ற தோட்டாவே ஆகும்.

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குத் தூது சென்ற ஔவையார், அங்கே அலங்கரித்து வைத்திருந்த கருவிகளின் புதுமையைக் கண்டே அவை போர் காணாதவை என உணர்ந்துகொண்டதைப் புறநானூறு காட்டுகின்றது. கருவியின் தோற்றத்தைக் கொண்டு அதன் வரலாற்றை உணரும் அக்கூரிய பார்வையே தோட்டா ஆராய்ச்சிக்கும் அடிப்படை. எந்த நாட்டார் செய்தனர், எந்த ஆண்டிற் செய்தனர், எவ்வகைப் பீரங்கிக்காகச் செய்தனர், சுடப்பெற்றதா இல்லையா என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. வாசிக்கக் கற்றவர்க்கு அது சிறியதொரு சாசனம்.

தோட்டாவின் உறுப்புகள் நான்கு. வெளியே கோது, அதனுள்ளே மருந்து, கோதின் அடியின் நடுவே, அடிபட்டதும் தீப்பொறி எழுப்பும் சிறு வெடிமூட்டி, வாயிலே குண்டு. துப்பாக்கித் தோட்டாவுக்கும் இவையே உறுப்புகள். வேறுபாடு குண்டிலேதான் உள்ளது. பிரித்தானியப் படையினர் இரண்டு உலகப் போர்களிலும் வழங்கிய 7.7 மில்லிமீற்றர்த் துப்பாக்கிக் குண்டு ஏறக்குறைய 11 கிராம் நிறையுடையது. ஈயத்தை அகத்தே கொண்ட திண்ணிய குண்டு அது. விமானப் பீரங்கியின் 20 மில்லிமீற்றர்க் குண்டோ ஏறத்தாழ 130 கிராம் நிறையுடையது. அது குடைவான குண்டு. குடைவினுள்ளே வெடிமருந்தும், மூக்கிலே இலக்கிற் பட்டதும் அம்மருந்தை வெடிக்கச் செய்யும் பொறியும் உண்டு. முன்னது துளைக்கும், பின்னது உட்புகுந்து வெடிக்கும்.

இவ்வாறு வெடிக்கும் சிறு குண்டுகளை உலக நாடுகள் ஒருகாலத்தில் வேண்டாவென விலக்கின என்பது வியப்பான செய்தி. 1868ஆம் ஆண்டு இரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் அழைப்பின்பேரில் சென் பீற்றேஸ்பேக் நகரிற் கூடிய நாடுகள், 400 கிராமுக்குக் குறைந்த நிறையுடைய வெடிகுண்டுகளைத் தம்முள் நிகழும் போரில் வழங்குவதில்லை என உறுதிகூறின. போரின் நோக்கம் பகைவரின் படைவலியைக் குறைப்பதே. விழுந்துவிட்ட ஒருவனின் வேதனையை வீணே மிகுவிக்கும் படைக்கலம் அந்நோக்கத்துக்கு அப்பாற்பட்டது என்பதே அவ்வுறுதியின் கருத்து. பீரங்கிக் குண்டுக்குத் தடையில்லை. ஒரு மனிதனின் உடம்பினுள் வெடிக்கும் துப்பாக்கிக் குண்டுக்கே தடை. இரண்டுக்கும் இடையே இட்ட எல்லைக்கோடுதான் 400 கிராம்.

அந்த எல்லைக்குச் சற்று மேற்பட்ட குண்டை எறியும் மிகச் சிறிய பீரங்கியாகப் பிரான்சில் ஒச்சுக்கிசு என்னும் அமெரிக்கர் அமைத்ததே 37 மில்லிமீற்றர்ப் பீரங்கி. இதனால் 37 என்னும் எண் படைக்கல உலகில் வேரூன்றிவிட்டது. 1917இல் பிரெஞ்சு விமான வீரர் கைனமர் ஓட்டிய 'ஸ்பாட்' விமானத்தில், இயந்திரத்தின் சுழலச்சினூடாகச் சுடும் 37 மில்லிமீற்றர்ப் பீரங்கி பொருத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு குண்டையும் அவர் பறந்துகொண்டே கையாலிட்டுச் சுடவேண்டியிருந்தது. ஆயினும் அதனைக் கொண்டு பகைவிமானங்களை அவர் வீழ்த்தினார். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலேயே அவரும் போரில் மறைந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் 'ஏராகோப்ரா' விமானத்திலும், 1950ஆம் ஆண்டு தொடங்கிய கொரியப் போரிற் பறந்த சோவியத் 'மிக் 15' விமானத்திலும் அதே 37 மில்லிமீற்றர் அளவு தொடர்ந்தது. உறுதிமொழி மறக்கப்பட்ட பின்னரும் அதன் எண் மட்டும் மறையாமல் நின்றது.

உறுதிமொழி மறக்கப்பட்டது முதலாம் உலகப் போரிலேயே. நீரகவாயு நிரப்பிய ஜேர்மனிய வான்கப்பல்கள் இலண்டன் நகர்மீது குண்டு வீசியபோது, அவற்றை எரித்து வீழ்த்துவதற்காக 1916இல் பிரித்தானியர் வெடிக்கும் குண்டுகளையும் எரிகுண்டுகளையும் துப்பாக்கிகளில் வழங்கலாயினர். ஜேர்மனியில் வில்லிச்சு என்னும் ஊரிலிருந்த பெக்கரின் உருக்காலையோ விமானத்துக்கென 20 மில்லிமீற்றர்ப் பீரங்கியையே அமைத்துவிட்டது. அதன் குண்டு 400 கிராமின் மூன்றிலொரு பங்குகூட இல்லை. போருக்குப் பின் 1922, 1923ஆம் ஆண்டுகளில் ஹேக் நகரிற் கூடிய சட்டவறிஞர் வகுத்த வான்போர் விதிகள், விமானங்கள் எய்யும் குண்டுகளுக்கும் விமானங்கள்மீது எய்யும் குண்டுகளுக்கும் அத்தடை இல்லையெனக் கூறின. அவ்விதிகள் ஒப்பந்தமாக நிறைவேறவில்லை. நடைமுறை மட்டும் நிலைத்தது.

பெக்கரின் தோட்டாவே இந்தச் சேகரிப்புக் கலையில் ஒரு குலமுதல்வன். அதன் கோது 70 மில்லிமீற்றர் நீளம். 1919இன் வேர்சேய் உடன்படிக்கை ஜேர்மனியின் படைக்கல உற்பத்தியைக் கட்டுப்படுத்தியபோது அதன் உரிமை சுவிற்சர்லாந்துக்குச் சென்றது. சூரிச்சு நகரையடுத்த சீபாக் என்னும் இடத்திலிருந்த தொழிலகம் கோதினை 100 மில்லிமீற்றராக நீட்டியது. அத்தொழிலகம் நொடித்துப்போக, 1924இல் அயலிலிருந்த ஒர்லிக்கன் தொழிலகம் அதனை ஏற்றது. ஒர்லிக்கனார் விமானங்களுக்கென 72, 101, 110 மில்லிமீற்றர் நீளக் கோதுகளையுடைய மூவகைப் பீரங்கிகளை அமைத்து உலகெங்கும் விற்றனர். ஜேர்மனியர் அவ்வமைப்பைத் திரும்பப் பெற்று 80 மில்லிமீற்றர்க் கோதுடன் தம் 'மெசசிமிற்' விமானங்களிற் பொருத்தினர். யப்பானியக் கடற்படையினர் முதலில் 72 மில்லிமீற்றர் வகையையும் பின்னர் 101 மில்லிமீற்றர் வகையையும் தம் நாட்டிலேயே செய்தனர். ஆதலின் 20 மில்லிமீற்றர்த் தோட்டா ஒன்று கைக்கு வருமாயின், ஆராய்வோர் முதலில் எடுப்பது பள்ளிக்கூட ஆய்வுகூடத்திற் காணும் வேணியர் இடுக்கிமானியையே. 70, 72, 80, 100, 101 என்னும் எண்களுக்கிடையே உள்ள சில மில்லிமீற்றர் வேற்றுமை, நாடுகளையும் ஆண்டுகளையும் பிரித்துக் காட்டிவிடும்.

நீளத்துக்கு அடுத்தபடி நோக்கவேண்டியது அடிவிளிம்பு. சில கோதுகளின் விளிம்பு உடலினும் அகன்று ஆணித்தலைபோல் நிற்கும். சோவியத் விமானங்களின் பழைய 20 மில்லிமீற்றர்த் தோட்டா இத்தகையது. சிலவற்றின் விளிம்பு உடலளவே இருக்கும். சிலவற்றில் விளிம்புக்கு மேலே ஒரு பட்டி சுற்றியிருக்கும். பெக்கர், ஒர்லிக்கன் குலத்துத் தோட்டாக்களிலோ விளிம்பு உடலினும் ஒடுங்கியிருக்கும். இது அழகுக்காகச் செய்தது அன்று. அப்பீரங்கிகளிற் கனத்த அடைப்பான் ஒன்று தோட்டாவை முன்னோக்கித் தள்ளிக்கொண்டு விரைகையிலேயே, அது அறையினுள் முற்றப் பொருந்துமுன் வெடி தீரும். முன்னோக்கி வரும் அடைப்பானின் வேகம் வெடியின் எதிர்த்தாக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். அதற்காக அடைப்பானின் தலையும், விளிம்பைப் பற்றும் கொக்கியும் கோதைத் தொடர்ந்து அறையினுள்ளே புகவேண்டும். விளிம்பு ஒடுங்கியிருந்தாலன்றி அவற்றுக்கு இடமில்லை. வெடிக்கும்போதும் கோது அசைந்துகொண்டிருப்பதால் அதற்கு நெய்ப்பசை பூசுவதும் வழக்கமாயிற்று. கோதின் உடலும் ஏறத்தாழ நேராகவே அமைந்தது. ஆகவே விளிம்பைக் கண்ட மாத்திரத்தே, அதனைச் சுட்ட பீரங்கி எவ்வாறு இயங்கிற்று என்பதைத் தேர்ந்தவர் கூறிவிடுவர்.

இக்குலத்துத் தோட்டா இலங்கையின் வானிலும் வெடித்ததுண்டு. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து புறப்பட்ட 'கற்றலைனா' விமானமொன்று இலங்கையின் தெற்கே யப்பானியக் கடற்படையின் பெருந்தொகுதியைக் கண்டது. அவ்விமானத்தை நடத்திய கனேடியரான லெனாட் பேச்சல், செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே யப்பானியரின் 'சீரோ' விமானங்கள் அதனைச் சுட்டு வீழ்த்தின. அதிலிருந்த ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர். அவர் உட்பட அறுவர் சிறைப்பட்டனர். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று காலையில், தளபதி நாகுமோவின் கப்பல்களிலிருந்து ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

அந்தச் 'சீரோ' விமானத்தின் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 20 மில்லிமீற்றர்ப் பீரங்கிகளும், மூக்கிலே இரண்டு 7.7 மில்லிமீற்றர் இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 60 தோட்டாக்களே. நொடிக்கு எட்டு, ஒன்பது வீதம் சுட்டால் அவை ஏழு நொடிக்குள் தீர்ந்துபோம்! இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழுந்து எதிர்த்த 'ஹரிக்கேன்' விமானங்களோ பெரிதும் 7.7 மில்லிமீற்றர் இயந்திரத் துப்பாக்கிகளையே நம்பியிருந்தன. யப்பானியர் எய்த 72 மில்லிமீற்றர்க் கோதின் தோட்டா வில்லிச்சில் கருவாகி, சூரிச்சு அயலில் வளர்ந்து, யப்பானிற் பெருகி, ஈற்றில் கொழும்பின் வானை அடைந்தது. அதே ஒர்லிக்கன் குலத்தின் 110 மில்லிமீற்றர்த் தோட்டாவை அந்தப் போரிலே பிரித்தானியக் கடற்படையும் அமெரிக்கக் கடற்படையும் யப்பானிய விமானங்களை வீழ்த்தத் தம் கப்பல்களிற் பயன்படுத்தின. தோட்டாவுக்குத் தாயகம் இல்லை. வாங்கியவன் கையே அதன் நாடு.

110 என்னும் எண் சேகரிப்போரை மயக்குவதும் உண்டு. 20 மில்லிமீற்றர்க் குண்டும் 110 மில்லிமீற்றர்க் கோதும் உடைய தோட்டாக்கள் மூவகைப்படும். ஒன்று மேற்கூறிய ஒர்லிக்கன் தோட்டா. மற்றொன்று மார்க் பேர்க்கிற் என்னும் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் பிரான்சில் அமைத்த 'ஹிஸ்பானோ' பீரங்கியின் தோட்டா. மூன்றாவது, பிற்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் தாரை விமானங்களுக்கெனச் செய்தது. எண் ஒன்றாயினும் ஒன்றின் பீரங்கியில் மற்றொன்று சேராது. ஒடுங்கிய விளிம்பும் நேரான உடலுமாயின் ஒர்லிக்கன். உடலளவு விளிம்பும் தெளிவான கழுத்தும் உடையது 'ஹிஸ்பானோ'. அமெரிக்கக் கடற்படைத் தோட்டாவின் வெடிமூட்டியோ மின்னோட்டத்தாற் பற்றுவது. அளவு ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்வோர் தவறுவர் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அடுத்து வாசிக்கவேண்டியது அடி முத்திரை. கோதின் அடியில் வெடிமூட்டியைச் சுற்றி, செய்தோரின் எழுத்துக் குறி, ஆண்டு, தொகுதி எண் ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். ஜேர்மனியர் போர்க்காலத்தில் தொழிலகப் பெயரை மறைத்துச் சில எழுத்துகளாலான குறிகளை வழங்கினர். அவற்றை விடுவித்து, எக்குறி எத்தொழிலகத்தினது எனப் பட்டியல் வகுத்தமை போருக்குப் பிற்பட்ட ஆராய்ச்சியின் பயன். கோதின் உலோகமும் பேசும். அமைதிக்காலக் கோதுகள் பித்தளை. போர் நீளச் செம்பு அருகிற்று. பித்தளைக்குப் பதிலாக உருக்குக் கோதும், துருப்பிடியாமைக்கு அதன்மேல் அரக்குப் பூச்சும் வந்தன. ஒரே தொழிலகத்தின் கோதுகளை ஆண்டு வரிசையில் வைத்து நோக்கினால், ஒரு நாட்டின் வறுமை படிப்படியாக வளர்ந்ததைக் கண்ணாற் காணலாம்.

'ஹிஸ்பானோ' தோட்டாவின் கதை மற்றொரு பாடம் புகட்டும். அதன் குண்டு நொடிக்கு 850 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்துடன் சென்றது. யப்பானியரின் 72 மில்லிமீற்றர்க் கோதுத் தோட்டாவோ நொடிக்கு ஏறத்தாழ 600 மீற்றர் வேகமே தந்தது. எனினும் 1940ஆம் ஆண்டுக் கோடையில் 'ஸ்பிற்பயர்' விமானங்கள் சிலவற்றில் இப்பீரங்கி முதன்முதலாகப் பொருத்தப்பட்டபோது பெருந்தோல்வியே கிடைத்தது. மெல்லிய இறக்கையினுள் அடக்குவதற்காகப் பீரங்கியைப் பக்கவாட்டிற் சாய்த்து வைத்தமையாற் கோதுகள் சிக்கிக்கொண்டன. சுடமுடியாத பீரங்கியுடன் வீரர் பகைவரைச் சந்திக்க நேர்ந்தது. அவர்கள் தங்கள் பழைய இயந்திரத் துப்பாக்கிகளையே திரும்பக் கேட்டனர். 60 தோட்டாக்கள் கொள்ளும் உருளையை நீக்கித் தொடர்பட்டியினால் ஊட்டும் முறை வந்த பின்னரே, 1941 தொடக்கம், அது நம்பத்தக்க படைக்கலமாயிற்று. வலிமை மிகுந்த கருவியாயினும், பொருந்தும் இடத்திற் பொருந்தாவிடின் பயனில்லை.

ஜேர்மனியர் வேறு வழி கண்டனர். வேகத்தை நாடாது வெடிமருந்தின் அளவை நாடினர். தடித்த உருக்கைக் கடைந்து குண்டு செய்வதை விட்டு, கோது செய்வதுபோல் மெல்லிய உருக்கை இழுத்து உருவாக்கிய குண்டு அவர்களுடையது. பழைய 20 மில்லிமீற்றர்க் குண்டிற் சில கிராம் மருந்தே அடங்க, இப்புதிய குண்டு 92 கிராம் நிறையே உடையதாயினும் அதனுள் 18 கிராம் அளவுக்கு மருந்து அடங்கியது. இக்குண்டின் பயனைக் கண்டபின், 15 மில்லிமீற்றர்ப் பீரங்கியொன்றின் 96 மில்லிமீற்றர்க் கோதினை 82 மில்லிமீற்றராகக் குறைத்து, வாயை அகலித்து, 20 மில்லிமீற்றராக மாற்றினர். பின்னர் 30 மில்லிமீற்றர் அளவிலும் இதே முறையில் 330 கிராம்க் குண்டு வந்தது. பெரிய குண்டுவீச்சு விமானமொன்றை வீழ்த்த அத்தகைய குண்டு நான்கு பட்டாற் போதுமென அவர்கள் கணித்தனர். விமானம் என்பது வெறும் உலோகம் அன்று. ஒவ்வொன்றிலும் பத்து இளைஞர் இருந்தனர். நிறையையும் நீளத்தையும் குறித்துவைக்கும் ஏட்டில் அந்த எண்ணுக்கும் இடமிருத்தல் தகும்.

போர் முடிந்ததும் வென்றவர் தோற்றவரின் கலையைக் கைக்கொண்டனர். மவுசர் தொழிலகம் முடிக்காது விட்ட சுழலறைப் பீரங்கியின் அமைப்பைப் பின்பற்றிப் பிரித்தானியர் 'ஏடன்' பீரங்கியையும், பிரெஞ்சுக்காரர் 'டெவா' பீரங்கியையும் அமைத்தனர். இருவரும் 30 மில்லிமீற்றர்க் குண்டையும் 113 மில்லிமீற்றர்க் கோதையும் கொண்டனர். இவையும் இன்று பழம்பொருட் சேகரிப்பிற் சேர்ந்துவிட்டன.

சேகரிப்போர் போற்றும் நெறிகள் சில உள. கோதினை மினுக்குதல் கூடாது. மினுக்கினால் முத்திரையும் வண்ணமும் தேயும். கிடைத்த இடத்தையும் நாளையும் உடனே எழுதிவைத்தல் வேண்டும். இடம் அறியாத கோது பாதி ஊமை. குண்டின் வண்ணத்தை மட்டும் நம்பி அதன் வகையைத் துணிதல் ஆகாது; ஒரு நாட்டார் வெடிகுண்டுக்கு இட்ட நிறத்தை மற்றொரு நாட்டார் வேறொன்றுக்கு இட்டனர்; காலமும் உப்புக் காற்றும் நிறத்தையே மாற்றிவிடும்.

இந்நெறிகள் யாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. அருங்காட்சியகத்திலும் முறையான சேகரிப்பிலும் உள்ளவை மருந்து நீக்கி, வல்லுநர் சோதித்து, உயிரற்றவையென உறுதிசெய்யப் பெற்றவை. நிலத்திலும் கடற்கரையிலும் கிடப்பவை அத்தகையன அல்ல. எண்பது ஆண்டு கழிந்தாலும் குண்டினுள் உள்ள மருந்து சாவதில்லை. மருந்துவகை சில, உலோகத்தோடு நெடுங்காலம் கலந்து, முன்னிலும் எளிதில் வெடிப்பனவாக மாறுவதும் உண்டு. கோது வெறுமையாயினும் குண்டு நிறைவாக இருக்கலாம். துளைத்தும் தட்டியும் சூடேற்றியும் அதனைச் சோதிக்க முற்பட்டோர் கையிழந்தனர், கண்ணிழந்தனர், உயிரிழந்தனர்.

இலங்கையில் இது ஏட்டளவிலான எச்சரிக்கை அன்று. 1942இன் எச்சங்களுக்கு மேலாக, 2009இல் முடிவுற்ற நெடும்போரின் எச்சங்களும் வடக்கிலும் கிழக்கிலும் மண்ணுட் கிடந்தன. 2002ஆம் ஆண்டு முதல் கண்ணிவெடி அகற்றுவோர் அடியடியாக நிலத்தைத் துருவி வந்துள்ளனர். வயல் உழுபவனின் கொழுமுனையிலும், விறகு பொறுக்கும் பெண்ணின் காலடியிலும், விளையாடும் பிள்ளையின் கையிலும் அகப்படுவது பழம்பொருளா, உயிருள்ள வெடியா என்பதைத் தூரத்திலிருந்து யாராலும் கூறமுடியாது. கண்டவர் தொடாது, கிடந்த இடத்துக்கு அடையாளமிட்டு, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவித்தலே முறை. வெடிபொருளை அனுமதியின்றி வைத்திருத்தல் சட்டத்துக்கும் மாறு. அறிவின் முதற் படி அடி முத்திரையை வாசித்தலன்று. வாசிக்கத் தகாததை நெருங்காமையே.

'ஹரிக்கேன்' விமானங்கள் எழுந்த அதே இரத்மலானையில் இன்று விமானப்படையின் அருங்காட்சியகம் அமைந்திருக்கின்றது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோர், விமானங்களின் அளவையும் வேகத்தையும் மட்டும் காட்டித் திரும்புதல் போதாது. விரலிடுக்கில் அடங்கும் ஒரு கோதின் வழியாக 1868இன் உறுதிமொழியையும், அது 1916இல் மீறப்பட்டதையும், உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு அடைந்ததையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். மனிதனின் வேதனைக்கு 400 கிராம் என்று எல்லையிட்ட காலமும் ஒன்று இருந்தது. அந்த எல்லை அழிந்த கதையை அறியும் தலைமுறையே அதனை மீண்டும் வரையவல்லது. வெறுங்கோது உரைக்கும் செய்தியும் அதுவே.